பொதி கொழும்பை விட்டுப் போய் 27 நாள், வாங்கியவருக்கு என்ன சொல்வது?

புதுக்குடியிருப்பு_ஓலைப்பெட்டி

வணக்கம். நாங்கள் ஏழு பெண்கள் சேர்ந்து பனையோலைப் பொருட்கள் இழைத்து முகநூலிலும் வட்சப்பிலும் விற்கிறோம். மூன்று வருடமாகிறது. நீத்துப்பெட்டி, சுளகு, கடகம், மூடிப்பெட்டி இவைதான் கூட ஓடும். வாங்குகிறவர்கள் கனடா, லண்டன், ஜேர்மனி, அவுஸ்திரேலியா என்று எங்கட சனம்தான்.

ரொறன்ரோவில் ஒரு சாமத்திய வீட்டுக்கு, அதுதான் பிள்ளை பெரியவளான சடங்குக்கு, 80 மூடிப்பெட்டி கேட்டார்கள். வருகிறவர்களுக்கு உள்ளே பலகாரம் வைத்துக் கொடுப்பதற்கு. ஒவ்வொரு மூடியிலும் பிள்ளையின் பெயரின் முதல் எழுத்தைச் சிவப்புச் சாயம் போட்ட ஓலையால் இழைத்தோம். இரண்டு பொதியாகக் கட்டி, ஒன்றில் 40, மற்றதில் 40, தபாலில் அனுப்பினேன். இன்றைக்கு 41 நாள். கொழும்பிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டது என்பதோடு இணையத்தில் தகவல் நிற்கிறது. அது 27 நாளுக்கு முந்தியது. சடங்குக்கு இன்னும் 11 நாள்.

பிள்ளையின் தாய் ஒரு நாளைக்கு இரண்டு தரம் கேட்கிறார். "இன்னும் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும் அக்கா" என்று முதல்தரம் சொன்னேன். அதையே நாலு தரம் சொல்லிவிட்டேன். இப்போது கைத்தொலைபேசியில் செய்திச் சத்தம் கேட்டாலே நெஞ்சு பதறுகிறது. நேற்று வந்த செய்தியைத் திறந்து பார்த்தேன், பதில் எழுதவில்லை.

முழுக்காசும் முன்கூட்டியே தந்துவிட்டார். இழைத்தவர்களின் கூலியை நான் அன்றைக்கே கொடுத்துவிட்டேன், அதில் கை வைக்க மாட்டேன். காசைத் திருப்பிக் கொடுப்பதா, வேறு 80 பெட்டி இழைத்து கூரியரில் விடுவதா, இன்னும் காத்திருக்கச் சொல்வதா? பட்டவர்கள் சொல்லுங்கோ.

கிளிநொச்சி_பழைய_தபால்காரர்

தங்கச்சி, முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 27 நாளாக அசைவு இல்லை என்பதால் பொதி தொலைந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

உங்கள் பொதி கொழும்பு மத்திய தபால் பரிமாற்றகத்தில் மற்றப் பொதிகளோடு ஒரு பையில் போடப்பட்டு, பையின் வாய் முத்திரையிடப்படும். அதற்குப் பிறகு பயணம் செய்வது பை. பைக்கு ஒரு தனி இலக்கம் இருக்கிறது, அது உங்களுக்குத் தெரிய வராது. உங்கள் பொதியின் பட்டைக்குறியீட்டை இனி வாசிக்கப்போவது கனடாவில் அந்தப் பையைத் திறக்கிற கைதான். இடையில் எத்தனை நாள் போனாலும் இணையத்தில் அதே வரிதான் நிற்கும்.

கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரே விமானம் இல்லை. வழியில் ஓர் ஊரில் இறக்கி வேறு விமானத்தில் ஏற்றவேண்டும். தபால் பைகள் பெரும்பாலும் பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் போகின்றன. பயணிகளின் பெட்டிகள் கூடினால் தபால் பை அடுத்த விமானத்துக்குத் தள்ளப்படும், அங்கேயும் இடம் இல்லாவிட்டால் அதற்கடுத்ததுக்கு. பண்டிகைக் காலத்திலும் பள்ளிக்கூட விடுமுறையிலும் இது வழக்கம்.

உங்கள் பொதியின் இலக்கத்தில் முதல் எழுத்து என்ன? முடிவில் எல்கே இருக்கும், அது இலங்கை. முன்னால் ஆர் என்றால் பதிவுத் தபால், சி என்றால் பார்சல், ஈ என்றால் ஈஎம்எஸ் என்கிற விரைவுத் தபால். யூ என்று தொடங்கினால் அது சுங்கத் தரவுக்காக ஒட்டியது, வழித்தடம் காட்டும் இலக்கம் அல்ல. யூ இலக்கத்தை வாங்கியவருக்கு அனுப்பிவிட்டு இரண்டு பக்கமும் தவித்த ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

புதுக்குடியிருப்பு_ஓலைப்பெட்டி

இரண்டும் சி தான் ஐயா. பை என்ற விசயம் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். இதை யாரும் சொல்லவில்லை.

மாங்குளம்_தூள்மா

அக்கா, நான் மிளகாய்த்தூளும், ஒடியல் என்கிற காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல்மாவும் அனுப்புகிறவன். இன்னொரு 80 பெட்டி கூரியரில் விடுவதை மட்டும் யோசிக்காமல் செய்துவிடாதீங்கோ. கூரியர்காரர் நிறுவையை மட்டும் பார்க்க மாட்டார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் பிரிப்பார்கள். அதுவும் தராசு காட்டுவதும், எது கூடவோ அதற்குத்தான் காசு. 60க்கு 40க்கு 40 என்று ஒரு காட்போட் பெட்டியை எடுங்கள். கணக்கில் 19.2 கிலோ வரும். உள்ளே இருக்கிற ஓலைப்பெட்டி நாலு கிலோகூட வராது. காற்றை அனுப்புவதற்கு நீங்கள் காசு கட்டவேண்டும்.

என் தூள் அப்படி இல்லை, கையளவு இடத்தில் ஒரு கிலோ. அதனால் எனக்குக் கூரியர் கட்டும், உங்களுக்குக் கட்டாது. இனிமேல் இழைக்கும்போது மூன்று அளவில் இழைத்து, மூடியைக் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் செலவு பாதிக்குக் குறையும். பொருளை மட்டும் பார்த்து இழைக்காமல் அது போகிற பெட்டியையும் பார்த்து இழைக்கவேண்டும் அக்கா. இதை நான் ஒடியலை முழுசாக அனுப்பி நட்டப்பட்ட பிறகுதான் படித்தேன்.

வவுனியா_தையல்கடை

நான் பாவாடை சட்டை தைத்து அனுப்புகிறேன். என் அனுபவம், பாதித் தாமதம் சுங்கத்தில்தான். சுங்கப் பத்திரத்தில் அன்பளிப்பு என்று போட்டு, பெறுமதியை 10 டொலர் என்று குறைத்து எழுதிவிடுங்கள். கெதியாகப் போய்விடும். எல்லாரும் செய்கிறதுதான்.

கிளிநொச்சி_பழைய_தபால்காரர்

தம்பி, கோபிக்க வேண்டாம், இதை நான் விட்டுவிட்டுப் போக மாட்டேன்.

விற்ற பொருளை அன்பளிப்பு என்று எழுதுவது பொய்ப் பிரகடனம். 80 பெட்டி, எல்லாம் ஒரே அளவு, உள்ளே விலைச்சீட்டு. இதைத் திறந்து பார்க்கிற சுங்க அதிகாரிக்கு அன்பளிப்பா விற்பனையா என்று ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சந்தேகம் வந்தால் பொதியை ஒதுக்கி வைத்துவிட்டு வாங்கியவரிடம் பற்றுச்சீட்டுக் கேட்பார்கள். மிச்சம் பிடிக்கப் போய் மூன்று கிழமை போகும். பொதி தொலைந்து நட்டஈடு கேட்கிற நிலை வந்தால், நீங்கள் எழுதிய 10 டொலருக்கு மேல் கேட்க உங்களுக்கு வாய் இருக்காது.

சிஎன் 22, சிஎன் 23 என்கிற சுங்கப் பத்திரங்களில் உள்ளதெல்லாம் இப்போது தாளில் மட்டும் போவதில்லை. பொதி போய்ச் சேர முதலே கணினி வழியாக அந்த நாட்டுக்குப் போகிறது. 2021இலிருந்து இது உலகத் தபால் ஒன்றியத்தின் விதி. அதனால் "கைப்பணிப் பொருள்" என்று மொட்டையாக எழுதினால் மாட்டிக்கொள்ளும். "காய்ந்த பனையோலையால் கையால் இழைத்த மூடிப்பெட்டி, 40" என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். வாங்கியவரின் தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல், தபால் குறியீடு மூன்றும் சரியாக இருக்கவேண்டும். வன்னியிலிருந்து போன பொதிகள் திரும்பி வந்ததில், நான் கையால் தொட்ட அளவில், விலாசப் பிழைதான் கூட.

வவுனியா_தையல்கடை

ஐயா சொல்வது விளங்குகிறது. ஆனால் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்றும் கேளுங்கள். ஜேர்மனிக்கு மூன்று பாவாடை சட்டை உண்மைப் பெறுமதியோடு அனுப்பினேன். முந்தி 22 யூரோ வரை வரி இல்லை, 2021 யூலை 1 முதல் அந்தச் சலுகை எடுபட்டுவிட்டது என்பது எனக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. கதவடியில் வரி கேட்டதும் அவர் எடுக்க மறுத்துவிட்டார். பொதி மூன்று மாதம் கழித்து என் வீட்டுக்கே திரும்பி வந்தது. அளந்து தைத்தது, இங்கே வேறு யாருக்கும் விற்க ஏலாது. அந்தப் பயத்தில்தான் அன்பளிப்பு என்று எழுதத் தொடங்கினேன்.

ஸ்காபுறோ_மாமி

அந்த வாடிக்கையாளர் மறுத்ததற்குக் காரணம் வரி இல்லை தம்பி. வரி வரும் என்று முதலே சொல்லாததுதான். நான் இங்கே ஊர்ச் சாமான் எடுத்து நாலு பேருக்கு விற்கிறேன், அதனால் வாங்குகிற பக்கத்துக் கதையையும் கேளுங்கோ.

கனடாவுக்குத் தபாலில் வருவதில் 20 டொலர் வரைதான் வரி இல்லை. உண்மையான அன்பளிப்பு என்றால் 60. அதற்கு மேல் போனால், எங்கட ஒன்ராரியோவில் 13 சதவீத விற்பனை வரி, அதோடு தபால்காரர் எடுக்கிற 9.95 டொலர் கையாளும் கட்டணம். இந்த இரண்டையும் கணக்குப் பார்த்து "அக்கா, கதவடியில் கிட்டத்தட்ட இவ்வளவு கேட்பார்கள்" என்று முதலே எழுதினால் நாங்கள் கட்டிவிடுவோம். சொல்லாமல் வந்தால் ஐந்து டொலரும் கொள்ளை மாதிரித்தான் தெரியும்.

இனி புதுக்குடியிருப்புப் பிள்ளைக்கு. உம்மில் எனக்கு அன்பு இருக்கிறபடியால் நேரே சொல்கிறேன். "இரண்டு மூன்று நாளில் வரும்" என்று சொன்னதுதான் பிழை. அது உமக்குத் தெரியாத விசயம். அந்தத் தாய் மண்டபத்துக்குக் காசு கட்டி, மேசைக் கணக்குப் போட்டு, பலகாரக்காரிக்கு அளவு சொல்லி இருப்பா. அவவுக்கு இப்போது வேண்டியது ஒரு முடிவு எடுப்பதற்கான தகவல். வராது என்று இன்றைக்குச் சொன்னால்கூட 11 நாளில் வேறு வழி பார்ப்பா. நீர் பேசாமல் இருந்தால் அந்த 11 நாளும் அவவுக்குக் கையில் இல்லாமல் போகும்.

2024இல் நவம்பர் 15 தொடங்கி டிசம்பர் 17 வரை இங்கே தபால் வேலைநிறுத்தம். நத்தாருக்கு வரவேண்டிய சாமான் எல்லாம் நின்றது. 2025 செப்டெம்பர் கடைசியில் மறுபடியும் ஒன்று. முதல் நாளே எனக்கு எழுதிய விற்பனையாளர்களிடம் நான் இப்போதும் எடுக்கிறேன். ஒரு மாதம் பேசாமல் இருந்து பிறகு "வேலைநிறுத்தம் தானே அக்கா" என்றவர்களை விட்டுவிட்டேன். நின்றது எல்லாருக்கும் ஒரே அளவு நாள்தான்.

பூநகரி_வடலி

தாமதம் என்றால் பொருள் என்ன ஆகும் என்பதையும் பேசுவோம். மாரியில் இழைத்த ஓலை வெளியில் காய்ந்தது மாதிரி இருக்கும், பின்னலின் மடிப்புக்குள்ளே ஈரம் நிற்கும். பத்து நாளில் போய்ச் சேர்ந்தால் தப்பும். 40 நாள் பொலித்தீனுக்குள் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். எனக்கு ஒரு முறை மெல்பேர்ணிலிருந்து படம் அனுப்பினார்கள். வெள்ளை ஓலையில் இழைத்த சுளகு முழுக்கக் கறுப்புப் புள்ளி, புழுதி தூவின மாதிரி.

அவுஸ்திரேலியா என்றால் இன்னும் கவனம். ஓலை, ஈர்க்கு, மரம் எதுவும் உயிர்ப்பாதுகாப்புச் சோதனைக்குப் போகும். ஒரு பூச்சித் துளையோ ஒட்டிக்கொண்டிருக்கிற விதையோ கண்டால் பொதி நிற்கும். மருந்தடிக்க, திருப்பி அனுப்ப, அழிக்க என்று மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்வார்கள், செலவு நம்மளுடையது. ஒடியலையும் பெட்டியையும் ஒரே பொதியில் வைக்கவே வைக்காதீங்கோ. ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும்.

புதுக்குடியிருப்பு_ஓலைப்பெட்டி

மாமி சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் இருந்தேன். நீங்கள் சொன்னது சரி. இரவு பத்து மணிக்கு அந்த அக்காவுக்கு இதை அனுப்பினேன், அங்கே அப்போது பகல்:

"அக்கா, நேற்றுப் பதில் எழுதாததற்கு மன்னியுங்கோ. இரண்டு மூன்று நாளில் வரும் என்று நான் சொன்னது தெரியாமல் சொன்னது. உண்மை நிலை இதுதான். இரண்டு பொதியும் கொழும்பை விட்டுப் போய்விட்டது, கனடாவில் இன்னும் பை திறக்கப்படவில்லை. வருகிற புதன் இரவுக்குள் கனடாவுக்கு வந்ததாகக் காட்டாவிட்டால் சடங்குக்கு வராது என்று வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் அங்கே வேறு பெட்டி எடுக்கலாம். அப்படி எடுத்தால் முழுக்காசையும் திருப்பித் தருவேன். கையில் முழுவதும் இல்லை, பாதி இந்தக் கிழமை, மீதி அடுத்த மாதம் பத்தாம் திகதி. பொதி பிறகு வந்தால் அது உங்களுக்கே. புதன் வரை ஒவ்வொரு நாளும் காலையில் நானே பார்த்து எழுதுவேன், நீங்கள் கேட்கத் தேவையில்லை."

மாங்குளம்_தூள்மா

அக்கா, காசையும் கொடுத்து பொருளையும் விடுவதா? அது கூடிப்போய்விட்டது. வாங்கியவருக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது தானே. வான்வழித் தபால் என்று தெரிந்துதான் எடுத்தார். நீங்கள் பொதியைக் கொடுத்த திகதிக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலுக்குப் பாதை எல்லாம் வெள்ளம் ஏறி, கொழும்புக்கு ஒன்றும் போகாத நாட்களில் என் பொதிகள் வீட்டிலேயே கிடந்தன. வீதியில் வெள்ளம் நின்ற படத்தை எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்பினேன். ஒருவரும் காசு கேட்கவில்லை. சிலர் நிவாரணத்துக்குக் காசு அனுப்பட்டுமா என்று கேட்டார்கள்.

ஸ்காபுறோ_மாமி

வெள்ளத்தை ஆரும் மறுக்க ஏலாது. இது வேறு. திகதி குறித்து எடுத்த பொருள். பெயர் எழுத்து இழைத்த பெட்டி சடங்கு முடிந்த பிறகு வந்தால் அந்தத் தாய்க்கு அதனால் என்ன பிரயோசனம்? பிள்ளை எழுதியது சரி. ஆனால் இனிமேல் திகதி குறித்த ஓடர் என்றால் ஆகக்குறைந்தது மூன்று மாதம் முன்பே எடுக்கவேண்டும். மாட்டேன் என்றால் எடுக்கவே கூடாது.

கிளிநொச்சி_பழைய_தபால்காரர்

மாங்குளத்துத் தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பொதியைக் கொடுத்த நாள் நம் கையில், போய்ச் சேரும் நாள் நம் கையில் இல்லை. அதனால் விற்கும்போதே "இன்ன திகதிக்குள் தபாலில் கொடுப்பேன்" என்பதை மட்டும் வாக்காகக் கொடுங்கள். பற்றுச்சீட்டின் படத்தை அன்றைக்கே அனுப்புங்கள். "வழமையாக மூன்று கிழமை, ஆறு ஏழு கிழமையும் போனதுண்டு" என்று கூடிய கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பொதி எங்கே என்று தேடச் சொல்லித் தபாலுக்கு விசாரணை விண்ணப்பம் கொடுக்க ஆறு மாதம் அவகாசம் உண்டு, பொதி கொடுத்த நாளிலிருந்து. பற்றுச்சீட்டு இல்லாமல் ஒன்றும் நடக்காது. அந்தத் தாள் வெப்பத்துக்கு எழுத்து மங்குகிற சாதி, இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். பொதி கனடாவுக்குள் போன பிறகு இலங்கைத் தபால் பக்கத்தை விடக் கனடாத் தபாலின் பக்கத்தில் அதே இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள், அங்கேதான் முதலில் தெரியும். சிஎன் 23இல் கையளிக்க முடியாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கட்டம் இருக்கும். அதை வெறுமையாக விடாதீர்கள்.

வவுனியா_தையல்கடை

அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்களுக்கும் ஒரு சொல். 800 டொலர் வரை வரி இல்லை என்றிருந்ததை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திவிட்டார்கள். அந்த நாட்களில் பல நாடுகளின் தபால் சேவைகள் அமெரிக்கப் பொதிகளை எடுப்பதையே நிறுத்தின. பழைய விலையில் ஓடர் எடுத்துவிட்டு இருந்தவர்கள் பட்டபாடு கொஞ்சமல்ல. ஓடர் எடுக்கும் அன்றைக்கே தபால் கந்தோரில் கேட்டுவிட்டு எடுங்கள். நானும் இனி அன்பளிப்பு என்று எழுதப்போவதில்லை. வரிக் கணக்கை முதலே எழுதி அனுப்பிப் பார்க்கிறேன்.

புதுக்குடியிருப்பு_ஓலைப்பெட்டி

எல்லாருக்கும் என்ன நடந்தது என்று சொல்லவேண்டும்.

அந்த அக்கா இரண்டு மணித்தியாலத்தில் பதில் எழுதினார். "இப்பவாவது சொன்னீரே" என்று. கோபம் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து அவர் கேட்கவில்லை, நான்தான் ஒவ்வொரு காலையும் எழுதினேன். "இன்றைக்கும் மாற்றம் இல்லை அக்கா" என்று எழுதுவதற்கு முதல் நாள் கை நடுங்கியது. மூன்றாம் நாள் பழகிவிட்டது.

செவ்வாய் பின்னேரம், ஐயா சொன்ன மாதிரிக் கனடாப் பக்கத்தில் பார்த்தபோது, ஒரு பொதி மட்டும் வந்துவிட்டதாகக் காட்டியது. மற்றது அசையவில்லை. இரண்டும் ஒரே நாள், ஒரே மேசையில் கொடுத்தது! வேறு வேறு பையில் போயிருக்கிறது போல. வெள்ளிக்கிழமை அந்த 40 பெட்டி வீட்டுக்குப் போய்விட்டது. மற்ற 40க்கும் புதனன்றே அவர் அங்கே காகிதப் பெட்டி எடுத்துவிட்டார். குடும்பத்துக்கு ஒரு ஓலைப்பெட்டி, தனியாக வந்தவர்களுக்குக் காகிதப் பெட்டி என்று கொடுத்திருக்கிறார். படம் அனுப்பினார். பிள்ளை மடியில் எங்கட பெட்டி, மூடியில் சிவப்பு எழுத்து. இழைத்த அம்மா ஒருவர் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "அந்த மூலை நான் முடிஞ்சது" என்றார்.

பாதிக் காசை அனுப்பிவிட்டேன். வராத 40க்கு உரிய காசுதான் அது, மீதி வேண்டாம் என்று அவரே சொன்னார். இரண்டாவது பொதி சடங்கு முடிந்து 16 நாள் கழித்து வந்தது. ஒரு பெட்டியிலும் பூஞ்சணம் இல்லை. அந்த 40க்கும் காசை மறுபடி அனுப்பட்டுமா என்று கேட்டார். நான் உடனே வேண்டாம் என்று எழுதிவிட்டேன், வாக்குக் கொடுத்தது அப்படித்தானே. எங்கட குழுவில் இரண்டு பேருக்கு அதில் மனவருத்தம், அவர்கள் பக்கமும் எனக்கு விளங்குகிறது. நட்டத்தை என் பங்கில் போட்டிருக்கிறேன்.

இப்போது தபால் கொடுக்கிற நாள் செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்திருக்கிறோம். ஒரு கொப்பியில் இலக்கம், கொடுத்த திகதி, கடைசியாக வாங்கியவருக்கு எழுதிய திகதி என்று மூன்று நிரல். மூன்றாவது நிரலில் ஒரு கிழமை தாண்டினால் அன்றைக்கு முதல் வேலை அதுதான்.

பூநகரி அண்ணை, மெல்பேர்ணுக்கு 12 சுளகு கேட்டிருக்கிறார்கள். இழைத்த பிறகு எத்தனை நாள் வெயிலில் வைக்கிறீர்கள்?

பூநகரி_வடலி

நல்ல வெயில் என்றால் நாலு நாள், இரண்டு பக்கமும் பிரட்டி. பின்னேரப் பனி விழ முதல் உள்ளே எடுத்துவிடவேண்டும். ஐந்தாம் நாள் நிழலில் வைத்து, விளிம்பு மடிப்பை விரலால் நெரித்துப் பாருங்கோ. நொறுக்கென்று சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது. மெத்தென்று கொடுத்தால் இன்னும் ஒரு நாள். பொலித்தீனில் நேரே சுற்றாமல் முதலில் கடதாசி சுற்றி, சிலிக்கா ஜெல் பக்கெட் இரண்டு போட்டு, பிறகு பொலித்தீன். ஈர்க்கு நுனியெல்லாம் ஒரு தரம் வெளிச்சத்தில் பிடித்துத் துளை இருக்கிறதா என்று பாருங்கோ. கட்ட முதல் எனக்குப் படம் போடுங்கோ தங்கச்சி, நானும் ஒருக்காப் பார்க்கிறேன்.